கம்யூனிஸ்ட் ஆட்சியில் மானிடவியலுக்கு என்ன ஆனது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏங்கெல்சின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலை எடுத்தாலே பேச்சு கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்கும்: இந்த நூலை வேதம் மாதிரி வைத்திருந்த நாட்டில் மானிடவியல் என்ன ஆனது? புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸாப்பில் துண்டு துண்டாக எழுதிய பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டுவிட்டேன். பெரும்பகுதி ரஷ்யாவைப் பற்றியது. சீனாவும் கிழக்கு ஐரோப்பாவும் பின்னால் வரும்.

மானிடவியல், இனவரைவியல் ரெண்டும் ஒண்ணுதானா? சோவியத் புத்தகத்துல எல்லாம் ஏன் இனவரைவியல்னே போட்டிருக்கு?

நாம் இன்று மானிடவியல் என்று சொல்லும்போது உறவுமுறை, சடங்கு, நம்பிக்கை, தொழில் என்று மனிதர்கள் கூடி வாழும் விதம் முழுவதையும் நினைக்கிறோம். ரஷ்ய மொழியில் 'அந்த்ரோபோலோகியா' என்றால் நெடுங்காலம் உடல்சார்ந்த மானிடவியல் மட்டும்தான், அதாவது மண்டையோடு, எலும்பு, உயரம், ரத்தப் பிரிவு. 1941 ஜூனில் சமர்கந்தில் தைமூரின் கல்லறையைத் திறந்து மண்டையோட்டிலிருந்து முகத்தை வடித்துக் காட்டிய கெராசிமோவ் போன்றவர்கள்தான் அங்கே மானிடவியலாளர்கள். மக்கள் வாழ்க்கையைப் படிக்கும் துறைக்கு 'எத்னோகிராஃபியா' என்று பெயர். அதைத்தான் தமிழில் இனவரைவியல் என்று மொழிபெயர்த்தார்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சண்டையும் இருக்கிறது, 1929 பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மார்க்சியத்துக்கும் பழங்குடி ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? அவங்க தொழிலாளர்களைப் பத்திதானே எழுதினாங்க?

சம்பந்தம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கரான லூயி மோர்கன் நியூயார்க் பகுதியில் வாழ்ந்த செனெகா இரோக்வா மக்களின் உறவுச்சொற்களைத் தொகுத்தார். தமிழ்நாட்டில் இருந்த மதபோதகர் ஒருவர் வழியாகத் தமிழ் உறவுச்சொற்கள் கிடைத்தபோது அவருக்குப் பெரிய ஆச்சரியம். அப்பாவின் அண்ணனும் தம்பியும் பெரியப்பா, சித்தப்பா, அதாவது அவர்களும் அப்பாக்களே. அவர்களுடைய பிள்ளைகள் அண்ணன், தங்கை. ஆனால் அப்பாவின் தங்கை அத்தை, அவள் பிள்ளைகள் முறைமாப்பிள்ளை, முறைப்பெண். செனெகாவிலும் பெரும்பாலும் இதே ஒழுங்கு. கடல் கடந்த இரண்டு மக்களிடம் ஒரே கணக்கு இருக்கிறதென்றால் எல்லாச் சமூகங்களும் ஒரே படிக்கட்டில் ஏறி வந்தவை என்று மோர்கன் முடிவுகட்டினார்.

மோர்கனின் 1877ஆம் ஆண்டு நூலை மார்க்ஸ் குறிப்பெடுத்துப் படித்தார். அந்தக் குறிப்புகளை வைத்து 1884இல் ஏங்கெல்ஸ் தன் நூலை எழுதினார். தென்னிந்தியத் தமிழர்களுடைய உறவுச்சொற்களும் செனெகா சொற்களும் இருநூற்றுக்கும் மேற்பட்ட உறவுகளில் ஒத்துப்போகின்றன என்று அதிலேயே இருக்கிறது. ஆதியில் சொத்தும் இல்லை, அரசும் இல்லை, பொதுவுடைமைதான் இருந்தது என்பதற்கு அவர்களுக்கு இது ஒரு சான்று. அப்படிப் பார்த்தால் சோவியத் இனவரைவியலின் அஸ்திவாரத்தில் நம் சித்தப்பாவும் அத்தையும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தத் துறையை ஆரம்பிச்சவங்க எல்லாம் நாடுகடத்தப்பட்ட கைதிகள்னு சொல்றாங்களே, உண்மையா?

எல்லாரும் இல்லை. 1871இல் நியூ கினியாவில் போய் இறங்கிய மிக்லுஹோ-மக்லாய் கைதி இல்லை, பின்னாளில் மாஸ்கோ இனவரைவியல் நிறுவனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் மாணவர்களை உருவாக்கிய இருவர் கைதிகள்தான். ஜார் ஆட்சியை எதிர்த்த 'மக்கள் விருப்பம்' இயக்கத்தைச் சேர்ந்த லெவ் ஷ்டெர்ன்பெர்க் 1889இல் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் சகலின் தீவுக்கு அனுப்பப்பட்டார். விளாதிமிர் போகோராஸ் வடகிழக்குச் சைபீரியாவின் கோலிமாவுக்குப் போனார். ஷ்டெர்ன்பெர்க் சகலினில் நிவ்க் மக்களோடு பழகி அவர்கள் உறவுச்சொற்களை எழுதினார். ஒரு நிவ்க் ஆண் தன் சகோதரர்களின் மனைவியரையும் தன் மனைவியின் சகோதரிகளையும் தன் மனைவியைக் குறிக்கும் அதே சொல்லால் குறிப்பிடுவதைக் கண்டார். இந்தச் செய்தி 1892இல் ரஷ்யப் பத்திரிகையில் வந்ததும் ஏங்கெல்சே அதை எடுத்து ஜெர்மன் இதழில் வெளியிட்டார்.

போகோராஸ் சுக்ச்சி மக்களைப் பற்றி எழுதியது அமெரிக்காவில் மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் நடத்திய ஜெசப் வடபசிபிக் ஆய்வுப் பயணத்தின் பகுதியாக ஆங்கிலத்தில் வந்தது. தொடக்கத்தில் இந்தத் துறைக்கு உலகத்தோடு கதவு திறந்தே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1917க்கு அப்புறம் உடனே எல்லாத்தையும் மூடிட்டாங்களா?

இல்லை, நேர்மாறு. இருபதுகள்தான் அந்தத் துறையின் நல்ல காலம். ஷ்டெர்ன்பெர்க்கும் போகோராசும் லெனின்கிராடில் (இன்றைய பீட்டர்ஸ்பர்க்) பாடம் நடத்தினார்கள். மொழியைக் கற்றுக்கொள், மக்களோடு ஆண்டுக்கணக்கில் இரு என்பதுதான் பாடம். 1924இல் வடக்கத்திய மக்களுக்காக ஒரு குழு அமைந்தது. அதில் போகோராஸ் போன்றவர்களுக்கு இடம் கிடைத்தது. எழுத்தே இல்லாத மொழிகளுக்கு முதலில் லத்தீன் அடிப்படையில் எழுத்து உருவாக்கினார்கள், 1937 வாக்கில் அதை விட்டுவிட்டு ரஷ்ய எழுத்துக்கு மாற்றினார்கள். அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஷ்டெர்ன்பெர்க்கின் மாணவர் எருகிம் க்ரெய்னோவிச் 1926இல் சகலின் போனார். இருபது வயது. நிவ்க் மொழியில் எண்ணுவதற்கு ஒரே வரிசைச் சொற்கள் கிடையாது. படகு எண்ணினால் ஒரு வரிசை, பனிச்சறுக்கு வண்டி எண்ணினால் வேறு வரிசை, உலர்ந்த மீன் கட்டுக்கு இன்னொன்று. அவர் இதை உட்கார்ந்து முழுசாகப் பதிவு செய்தார். எனக்கு அந்தப் பட்டியல் எந்தக் கோட்பாட்டையும்விடப் பிடிக்கும், ஏனென்றால் அந்த மக்கள் எதைக் கையில் எடுத்து வாழ்ந்தார்கள் என்று எண்களே சொல்கின்றன.

1929ல என்னதான் நடந்துச்சு? எல்லாரும் அந்த வருஷத்தையே சொல்றாங்க.

அந்த ஏப்ரலில் லெனின்கிராடில் மாஸ்கோக்காரர்களும் லெனின்கிராடுக்காரர்களும் ஒரே மாநாட்டில் கூடினார்கள். வலெரியான் அப்தேகர் என்பவர் எழுந்து 'எத்னோலோகியா' (இனவியல்), அதாவது மக்களைப் பற்றிப் பொதுக் கோட்பாடு சொல்லும் அறிவியல், முதலாளித்துவச் சரக்கு என்றார். சமூகத்தைப் பற்றிக் கோட்பாடு சொல்ல ஏற்கெனவே மார்க்சியம் இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்பது அவர் வாதம். மாநாட்டில் பலர் எதிர்த்தாலும் கடைசியில் அந்தச் சொல் வசைச்சொல்லாகிவிட்டது. 'எத்னோகிராஃபியா' பிழைத்துக்கொண்டது, ஏனென்றால் அது வெறுமனே வரைந்து காட்டுவது, வாதாடாது. 1925இல் தொடங்கிய மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இனவியல் புலம் 1930இல் போய்விட்டது.

அப்புறம் 1932இல் நடந்த இன்னொரு மாநாட்டில் இது வரலாற்றுக்குத் துணைத்துறை, ஆதிப் பொதுவுடைமைச் சமூகத்தை ஆராய்வதுதான் வேலை என்று வரம்பு கட்டினார்கள். விடை முன்கூட்டியே தெரியும், கள ஆய்வாளர் உதாரணம் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது. துறைக்கு விழுந்த பெரிய அடி இதுதான் என்று நினைக்கிறேன்.

கைது, சுட்டுக்கொன்னது எல்லாம் அரசியல்வாதிகளுக்குத்தானே நடந்துச்சு? இவங்களை யாரு தொட்டா?

தொட்டார்கள். லெனின்கிராட் இனவரைவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் நிகொலாய் மத்தோரின் 1936இல் சுடப்பட்டார். மற்றவர்களை முதலாளித்துவவாதிகள் என்று தாக்கிய அப்தேகரும் 1937இல் சுடப்பட்டார். மேலே சொன்ன க்ரெய்னோவிச் 1937இல் கைதாகி கோலிமா கட்டாய உழைப்பு முகாமுக்குப் போனார், விடுதலையாகி மறுபடியும் கைதானார். 1926க்கும் 1928க்கும் இடையில் சேகரித்ததை வைத்து அவர் எழுதிய நிவ்க் நூல் 1973இல்தான் அச்சானது. யூலியா அவெர்கியேவா என்ற பெண் போவாசிடம் படித்து, அவரோடு 1930இல் கனடாவின் மேற்குக் கரையில் குவாகியுட்ல் மக்களிடம் போய், குழந்தைகள் விரலில் நூல் கோத்து விளையாடும் உருவங்களை நூற்றுக்கும் மேல் பதிவு செய்தவர். அவர் 1947இல் கைதாகி 1954இல்தான் திரும்பினார். வந்தபின் துறையின் முதன்மை இதழுக்கே ஆசிரியரானார்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். அலெக்சாந்தர் மெர்வார்ட், பீட்டர்ஸ்பர்க் கூன்ஸ்ட்காமரா அருங்காட்சியகத்தின் ஆய்வாளர். மனைவி லுத்மிலாவோடு 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றிப் பொருட்கள் சேகரித்தார், தமிழ் கற்றார். 1929இல் பேச்சுத்தமிழ் இலக்கணம் ஒன்றை ரஷ்ய மொழியில் வெளியிட்டார். கவனியுங்கள், பேச்சுத்தமிழுக்கு. நாம் இலக்கணம் என்றாலே நன்னூலைத் தேடும்போது அவர் தெருவில் பேசுவதை எழுதிவைத்திருக்கிறார். 1930 தொடக்கத்தில் அறிவியல் கழகத்தினர் மீது போட்ட வழக்கில் அவரும் கைதானார். 1932இல் முகாமிலேயே இறந்துபோனார்.

சரி, மிச்சம் இருந்தவங்க என்ன ஆராய்ச்சி பண்ணாங்க?

பெரும்பாலும் பழங்காலத்துக்குப் போய்விட்டார்கள். 1942 முதல் 1965 வரை இனவரைவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த செர்கேய் டோல்ஸ்தோவ் மத்திய ஆசியப் பாலைவனத்தில் ஹொரேஸ்ம் நாகரிகத்தைத் தோண்டினார். ஒவ்வொரு மக்களும் எங்கிருந்து தோன்றினார்கள் என்ற ஆராய்ச்சி செழித்தது. நிகழ்காலம் ஆபத்தான இடம். கூட்டுப்பண்ணைக் கிராமங்களைப் பற்றி ஐம்பதுகளில் நூல்கள் வந்தன, தம்போவ் பகுதியின் விர்யாத்தினோ கிராமத்தைப் பற்றியது பெயர்பெற்றது. அந்த வகை நூல்களில் வீடு, உடை, சமையல், கல்யாணம் எல்லாம் நுணுக்கமாக இருக்கும். யாருக்கு என்ன குறை, யார் பட்டினி கிடந்தார் என்பது இருக்காது.

இங்கே ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 'எச்சம்'. ஆவிகளோடு பேசும் ஷாமன் பூசாரிகளின் சடங்கு, மணப்பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் பணம் கொடுப்பது, தர்காவுக்கு நேர்ந்துகொள்வது, எல்லாவற்றையும் பழைய சமூகத்தின் எச்சங்கள், மறைந்துகொண்டிருக்கின்றன என்றே எழுத வேண்டும். ஆனால் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் அதன் நிழலில், நேற்றுப் பக்கத்து ஊரில் நடந்த சடங்கைக்கூட விவரமாக எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

இனங்களையே அரசாங்கம்தான் உருவாக்கிச்சுன்னு படிச்சேன். அது எப்படி முடியும்?

இல்லாத மக்களை அரசு படைக்கவில்லை. ஆனால் எந்தப் பெயர் பட்டியலில் இருக்கும், எது இன்னொன்றில் கரையும் என்பதை அது முடிவு செய்தது, அந்த மேசையில் இனவரைவியலாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். 1926 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகத் தயாரான பட்டியலில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. 1939இல் அது நூறுக்கும் கீழே இறங்கிவிட்டது. பதின்மூன்று ஆண்டில் அத்தனை மக்கள் மறைந்துபோகவில்லை, பெயர்கள் மறைந்தன.

1932இல் உள்நாட்டு பாஸ்போர்ட் வந்தது, அதில் இனம் எழுதப்பட்டது. 'ஐந்தாவது வரி' என்றே மக்கள் அதைச் சொல்வார்கள். அப்பா உஸ்பெக், அம்மா தாஜிக் என்றால் பதினாறு வயதில் பிள்ளை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டும் என்று எழுத முடியாது. யூதர்களுக்கு அந்த வரி வேலைக்கும் படிப்புக்கும் குறுக்கே நின்றது. 1997இல் ரஷ்யா புதிய பாஸ்போர்ட்டில் அதை நீக்கியபோது எல்லாரும் மகிழவில்லை, தாதர்ஸ்தானில் எதிர்ப்பே வந்தது. ஒரு தலைமுறைக்கு மேல் தாளில் இருந்தது மனதிலும் ஏறிவிடும்.

'எத்னோஸ்' கோட்பாடுன்னா என்ன? குமில்யோவ் சொன்னதும் அதுவா?

சொல் ஒன்று, ஆட்கள் வேறு. புரட்சிக்குப் பின் சீனாவில் வாழ்ந்த ரஷ்யர் ஷிரகோகொரோவ் இருபதுகளிலேயே அந்தச் சொல்லை வைத்து எழுதினார். துறையில் அதை நிலைநிறுத்தியவர் 1966இல் இயக்குநரான யூலியான் ப்ரோம்லேய். மொழி, பண்பாடு, தன்னுணர்வு, பொதுப் பெயர் ஆகியவற்றால் தலைமுறை தலைமுறையாக நீடிக்கும் உண்மையான ஒரு பொருள் எத்னோஸ் என்றார். வர்க்கம் மாறும், உற்பத்தி முறை மாறும், எத்னோஸ் தொடரும். இதனால் ஒரு நன்மை இருந்தது: இனவரைவியலாளர்கள் ஆதிச் சமூகத்தை விட்டு வெளியே வந்து இன்றைய நகரத்தையும் ஆராய இடம் கிடைத்தது. கெடுதல் என்னவென்றால், மேலே சொன்ன ஐந்தாவது வரிக்கு அறிவியல் முத்திரை விழுந்ததுபோல் ஆயிற்று.

குமில்யோவ், கவிஞர் அன்னா அக்மதோவாவின் மகன், தானும் முகாமில் ஆண்டுகள் கழித்தவர், அவர் பாதை தனி. எத்னோஸ் உயிரினம்போலப் பிறந்து வளர்ந்து முதுமையடையும், அதற்கு ஓர் ஆற்றல் உண்டு என்றார். ப்ரோம்லேயும் சகாக்களும் அதை ஏற்கவில்லை. நானும் அதை அறிவியல் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். சோவியத் உடைந்த பிறகு கடைகளில் குவிந்து விற்றவை அவருடைய நூல்கள்தான் என்பது வேறு விஷயம். உடைந்த நாட்டில் நாம் யார் என்று கேட்டவர்களுக்கு அவர் கையில் பதில் இருந்தது.

சீனாவிலயும் இதே கதைதானா?

ஒரே கதையல்ல, உறவுக்காரக் கதை. ஃபெய் ஷியாவ்தோங் லண்டனில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியிடம் படித்து, தன் சொந்த மாவட்டத்துக் கிராமத்தைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். 1952இல் சமூகவியல் பல்கலைக்கழகங்களிலிருந்து நீக்கப்பட்டது. 1953 கணக்கெடுப்பில் மக்கள் தாங்களே சொன்ன இனப்பெயர்கள் 400க்கும் மேல். அத்தனைக்கும் பிரதிநிதித்துவம் கொடுக்க முடியாதென்று ஆய்வாளர்களைக் களத்துக்கு அனுப்பி இனம் பிரித்தார்கள். ஸ்டாலின் 1913இல் சொன்ன பொதுமொழி, பொதுநிலம், பொதுப்பொருளாதாரம், பொதுமனப்பாங்கு என்ற நான்கு அளவுகோல்தான் அடிப்படை, ஆனால் களத்தில் அது பொருந்தாதபோது வளைத்துக்கொண்டார்கள். கடைசியாக 1979இல் ஜினோ மக்களைச் சேர்த்ததும் கணக்கு 56இல் நின்றது. இன்றும் அதே 56தான்.

ஃபெய் இந்த வேலையில் இருந்தவர், 1957இல் அவரையே வலதுசாரி என்று முத்திரை குத்தினார்கள். எண்பதுகளில் துறை திரும்ப வந்தபோது அவரும் திரும்ப வந்தார்.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களை உள்ளே விட்டாங்களா?

அரிதாக. பிரிட்டனின் கரோலின் ஹம்ஃப்ரி 1967இல் புர்யாத் மக்களின் கூட்டுப்பண்ணைக்குப் போக முடிந்தது, எழுபதுகளிலும் போனார். திட்டம், ஒதுக்கீடு என்ற அரசு மொழிக்கு அடியில் உறவுமுறையும் கொடுக்கல் வாங்கலும் எப்படி ஓடின என்று அவர் காட்டினார். ருமேனியா ஒப்பீட்டளவில் திறந்திருந்தது. அமெரிக்கரான கேத்தரின் வெர்டரி 1973இல் அங்கே போய், மோட்டார் சைக்கிளில் தெரியாமல் ராணுவப் பகுதிக்குள் நுழைந்துவிட்டார். அன்றே ரகசியப் போலீஸ் அவரை உளவாளி என்று எழுதத் தொடங்கியது. ஆட்சி விழுந்த பிறகு தன் கோப்பைக் கேட்டு வாங்கினார்: 2,781 பக்கம். அவரைப் பற்றித் தகவல் கொடுத்தவர்களில் நெருங்கிய நண்பர்களும் இருந்தார்கள். இதில் என்னை உலுக்குவது வேறு: ஊருக்குள் போய், எல்லாரிடமும் பேசி, குறிப்பெடுத்து, யார் யாருக்கு உறவு என்று வரைபடம் போடுவதுதான் அவர் வேலை. போலீசும் அவரைச் சுற்றி அதையேதான் செய்தது.

1991க்கு அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சா?

பெயர்கள் வேகமாக மாறின. மாஸ்கோ நிறுவனம் 'இனவியல், மானிடவியல் நிறுவனம்' ஆனது, 1929இல் விரட்டிய சொல் வாசலுக்கே திரும்பியது. 'சோவியத் இனவரைவியல்' இதழ் 1992இல் 'இனவரைவியல் மதிப்புரை' ஆயிற்று, அது புரட்சிக்கு முந்தைய இதழின் பெயர். 1989இல் இயக்குநரான வலேரி திஷ்கோவ் எத்னோஸ் என்று வெளியே ஒரு பொருளே இல்லை, அது அரசும் அறிஞர்களும் மக்களும் சேர்ந்து கட்டுவது என்று வாதாடினார். 1992இல் சில மாதம் தேசிய இனங்களுக்கான அமைச்சராகவும் இருந்தார்.

பணம்தான் போய்விட்டது. தொண்ணூறுகளின் விலைவாசியில் சம்பளம் கரைந்தது, சைபீரியாவுக்கு டிக்கெட் வாங்கவே வழியில்லை. அதே நேரத்தில் மேற்கிலிருந்து மாணவர்கள் நிதியோடு வந்து இறங்கினார்கள். உள்ளூர்க்காரர் தகவல் தருவார், கோட்பாடு வெளியிலிருந்து வரும் என்ற நிலை பலருக்கு வலித்தது. போலந்தின் மிகால் புஹோவ்ஸ்கி போன்றவர்கள் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். கிழக்கு ஐரோப்பாவில் இன்னொரு சிக்கலும் உண்டு: அங்கே துறை பெரும்பாலும் சொந்த விவசாயிகளின் பாட்டு, உடை, வழக்கம் பற்றியதாக, தேசத்தின் அடையாளத்தோடு ஒட்டி வளர்ந்தது. புதிதாக வந்த சமூக மானிடவியல் அதை இடித்துவிட்டு வரவில்லை, பல ஊர்களில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கின்றன.

மேற்கத்திய மானிடவியல் மட்டும் ஒழுங்கா? அது காலனி அரசுக்கு வேலை பார்த்ததுதானே?

ஆமாம், பார்த்தது. நம் ஊரிலேயே சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் சாதி வாரியாக மூக்கின் அகலம் அளந்ததை மறக்க முடியாது. சோவியத் ஆய்வாளர்கள் அந்தக் குற்றத்தைச் சுட்டிக்காட்டியதும் சரியே. ஆனால் இரண்டையும் ஒன்று என்று முடித்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். சோவியத்தில் சின்னஞ்சிறு மக்களிடமிருந்தே ஆய்வாளர்களை வளர்த்தார்கள், நிவ்க் இனத்தைச் சேர்ந்த சுனேர் தக்சாமி சோவியத் உடைந்தபின் கூன்ஸ்ட்காமராவுக்கே இயக்குநரானார். காலனி ஆட்சியில் இதை நினைத்துப் பார்க்க முடியாது. அதே சோவியத்தில் தப்பான முடிவு சொன்னால் உயிர் போகும் என்ற காலமும் இருந்தது. தர்ஸ்டனோடு கருத்து வேறுபட்டால் பதவி போகலாம், தலை போகாது.

பழைய சோவியத் நூலை என் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டலாமா?

தாராளமாக, பிரித்துப் படிக்கத் தெரிந்தால். தாய்வழிச் சமூகம் முதலில், தந்தைவழி அடுத்து, எல்லா மக்களும் இந்த வரிசையில்தான் என்று வரும் பக்கங்களை அந்தக் காலத்தின் சட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள், கண்டுபிடிப்பாக வேண்டாம். சங்கப் பாடலுக்கு அந்தப் படிக்கட்டை அப்படியே பொருத்தும் ஆய்வேடுகளை இன்னும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. ஆனால் வலை எப்படிப் பின்னினார்கள், பிணத்தை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடத்தினார்கள் என்று வரும் பக்கங்கள் பொன். 'எச்சம்' என்று பார்த்தால், அந்த ஆண்டு அந்த ஊரில் அது நடந்துகொண்டிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறுவனங்களில் ஒதுங்க நிழல் தேடியவர்களும் உண்டு. யூரி க்னோரோசோவ் லெனின்கிராட் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்தபடியே மாயா எழுத்தைப் படிக்கும் வழியை 1952இல் இனவரைவியல் இதழில்தான் வெளியிட்டார். மாயா மண்ணை நேரில் பார்த்தது 1990இல். அறுபதுகளில் அவர் குழு சிந்துவெளி முத்திரைகளை ஆராய்ந்து, அந்த மொழி திராவிடத்துக்கு நெருக்கம் என்றது. அந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை, அதனால் அதையும் ஒரு கருதுகோளாகவே மேற்கோள் காட்டுங்கள்.

அந்த மெர்வார்ட் சேகரிச்ச நம்ம ஊர்ப் பொருள் எல்லாம் இப்ப எங்க இருக்கு?

அதே கூன்ஸ்ட்காமராவில், பீட்டர்ஸ்பர்கில் நேவா ஆற்றங்கரையில். போகிறவர்கள் இந்தியப் பகுதியில் நின்று, யார் சேகரித்தது என்று கேட்டுப் பாருங்கள்.